கேப்டன் கை வைத்த தோள்

முதல் அநியாயம், அவன் என்னை அடிக்கவில்லை.

சிரிக்காதே மீராசா. அன்றைக்கு வாங்கிய அடி மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது என்று நீ ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிகிறாய். எனக்கு அந்தக் கொடுப்பினை உண்டா? பத்மஜோதி மில் வாசலில் போனஸ் கேட்டு உட்கார்ந்தவர்களில் தலை உடையாதவன் நான் ஒருவன்தான். ஓங்கிய லத்தியைக் கையைக் காட்டி நிறுத்தி, "மிஸ்டர் வடிவைத் தொடாதீங்க" என்றான் கேப்டன் மதுரநாயகம். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. அடிபடாத தலைவனை எந்தத் தொழிலாளி நம்புவான்? எனக்கு அந்த நிமிஷமே சூது விளங்கிவிட்டது. ஓடிப்போய்ப் போலீஸ் லாரியின் பின்பலகையில் நானே நெற்றியை மோதிக்கொண்டேன். இதோ, தழும்பு. மோதிய பிறகுதான் சங்கம் என் பக்கம் நின்றது.

இரண்டாவது அநியாயம், துண்டறிக்கை. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், தாயி. எனக்குப் பள்ளிக்கூடமே துண்டறிக்கைதான். உலகத்தில் எங்கே எந்த ராஜா கவிழ்ந்தான், உபரி மதிப்பு என்றால் என்ன, எல்லாம் அதில் படித்ததுதான். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். மில் முதலாளியின் லாபத்தைப் பற்றி ஒன்று எழுதி அச்சடித்தேன். மறுநாள் ஒரு கான்ஸ்டபிள் அதே துண்டறிக்கையைக் கொண்டுவந்து நீட்டுகிறான். லாபத் தொகையை அடித்து, மேலே வேறு தொகை எழுதியிருந்தது. "ஐயா, நீங்க குறைச்சுப் போட்டுட்டீங்களாம். கேப்டன் சொல்லச் சொன்னாரு." விசாரித்துப் பார்த்தேன். அவன் எழுதியதுதான் சரி. ஆனாலும் அதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. போலீஸ் கொடுத்த உண்மை எனக்கு எதற்கு?

மூன்றாவது, நாற்காலி. மில் வாசலில் நாம் போடும் வாயில் கூட்டங்களில் குறிப்பெடுக்க வரும் ரகசியப் போலீஸ்காரருக்கு மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவோம், சோடா கொடுப்போம். அது நம் மரியாதை. "ஏட்டையா, எழுதிட்டீங்களா? இன்னும் கொஞ்சம் மெதுவா திட்டவா?" என்று நான் கேட்பேன். கூட்டம் சிரிக்கும், அவரும் சிரிப்பார். கேப்டன் வந்தான். ஏட்டையாவை எழுப்பி, "நீங்க வீட்டுக்குப் போங்க. இனிமே யாரும் எழுத வேண்டாம்" என்றான். அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதற்கடுத்த கூட்டத்திலும் காலி. நான் பேசுகிறேன், என் கண் அந்த நாற்காலியிலேயே இருக்கிறது. எழுதுகிறவன் யார் என்று தெரிந்திருந்த வரைக்கும் மற்ற எல்லாரும் நம் ஆட்கள். நாற்காலி காலியான பிறகு? நீயே சொல்.

நாலாவதைக் கேட்கத்தான் நீ வந்திருக்கிறாய், தாயி. அதற்கு முன் அந்தச் செல்போனை அணைத்துவிட்டுக் கவிழ்த்து வை. தளவாய், உன்னுடையதையும்தான். நீ சங்கத்தின் செயலாளர் என்பதற்காக உன் செல்போன் சங்கத்தின் செல்போன் ஆகிவிடாது.

சரி. நீ தங்கபுஷ்பம், பூவலிங்கத்தின் மகள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாளைக்குச் சங்கத்தின் பொன்விழா. மாண்டுபோன தோழர்கள் பேரையெல்லாம் இரங்கல் தீர்மானத்தில் வாசிப்பார்கள், எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அதில் உன் அப்பன் பேரும் வரவேண்டும். அதைக் கேட்க இந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கு ஏறி வந்திருக்கிறாய். ஏன் இந்த இரண்டு பேர் என்பதும் எனக்குத் தெரியும். விதியை எழுதியவன் நானல்லவா? மில் வாசலில் துரோகி என்று ஒரு பேர் வாசிக்கப்பட்டால், அதற்கப்புறம் சங்கத்தில் எவனும் அந்தப் பேரை உச்சரிக்கக் கூடாது. வாசித்தவனே திரும்ப வாசித்தால்தான் தடை நீங்கும். அதுவும் முதல் வாசிப்பைக் காதால் கேட்ட இரண்டு பேர் முன்னால். வாசித்தவன் நான். கேட்டவர்களில் உயிரோடு இருப்பது மீராசாவும் தளவாயும். என்னையும் சேர்த்தால் மூன்று கிழடுகள். இதில் ஒன்று போனாலும் உன் அப்பன் பேர் போயிற்று. அதுதான் இந்த அவசரம்.

அவசரப்படாதே. முதலில் கேப்டன் யார் என்று தெரிந்துகொள்.

சீனச் சண்டைக்கு அவசரமாக அதிகாரிகளை எடுத்தார்கள். அப்போது கல்லூரியிலிருந்து நேராகப் பட்டாளத்துக்குப் போனவன். பிறகு வடகிழக்கு மலையில் சில வருஷம், அங்கே கிளர்ச்சிக்காரர்களோடு மல்லுக்கட்டு. அவசரத்துக்கு எடுத்தவர்களைப் பட்டாளம் வீட்டுக்கு அனுப்பியபோது அவர்களில் சிலருக்குப் போலீஸில் பெரிய உத்தியோகம் கொடுத்தார்கள். அப்படி நம் ஊருக்கு வந்தவன். காக்கி மாறியும் ஊர் அவனைக் கேப்டன் என்றே கூப்பிட்டது. சத்தம் போட மாட்டான். ஜீப்பை மில்லுக்கு எட்டவே நிறுத்திவிட்டு நடந்து வருவான். பெயர் சொல்லித்தான் பேசுவான், அதுவும் 'ங்க' போட்டு. சத்தம் போடாத போலீஸ்காரனைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நான் துண்டறிக்கையே போட்டேன். ஒருவனும் படிக்கவில்லை.

உன் அப்பன் நூல் நூற்கிற ரிங் பிரேம் பகுதி, இரண்டாம் ஷிப்ட். வேலைநிறுத்தக் கமிட்டியில் இருந்தான். மேடையேற மாட்டான். கூட்டத்தில் கடைசியில் நின்றுகொண்டு கையில் ஒட்டிய பஞ்சை உருட்டிக்கொண்டிருப்பான். நான் பேசினால் கைதட்டுவார்கள். ஆனால் திரும்பி அவனைப் பார்ப்பார்கள். அவன் தலையாட்டினால்தான் வேலையை நிறுத்துவார்கள். அது எனக்குச் சந்தோஷம்தான். கட்டுப்பாடான தோழன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மீராசா, சொல்லியிருக்கிறேனா இல்லையா? பார், தலையைச் சொறிகிறான்.

இரண்டாவது வேலைநிறுத்தம். மில் ஓடாமல் நின்று நாளாகிவிட்டது, எல்லார் வீட்டிலும் கஞ்சி. ஒருவன்கூட உள்ளே போகவில்லை. ஒரு சாயங்காலம் வாசலில் கூட்டம், சரியான கூட்டம். கேப்டன் தொப்பிகூட இல்லாமல் நடந்து வருகிறான். மேடையில் நான் அவனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே கடைசிக்குப் போனான். உன் அப்பன் தோளில் கையை வைத்தான்.

"பூவலிங்கம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"விட்டுட்டுது சார்."

"நல்லாக் கவனிச்சுக்கோங்க." திரும்பி நடந்து போய்விட்டான்.

அவ்வளவுதான். அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளை நீதான்.

அந்த 'சார்' இருக்கிறதே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் மைக்கில் கத்திக்கொண்டிருக்கிறேன், ஒருவனும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அந்தத் தோளில். கமிட்டியை உடனே கூட்டினேன்.

"அவனுக்கு எப்படில தெரியும், ஒம் பிள்ளைக்குக் காய்ச்சல்னு?"

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? கேட்டாரு, சொன்னேன்."

"எதுக்குப் பதில் சொன்ன?"

"பிள்ளை எப்படி இருக்குன்னு கேட்டா என்ன சொல்ல? கமிட்டியில தீர்மானம் போட்டுட்டா சொல்லணும்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். கமிட்டி நடக்கும்போது சிரிப்பு! எனக்கு அப்போதே நிச்சயமாகிவிட்டது. குற்றமில்லாதவன் அழுவான், சாமி மேல் சத்தியம் பண்ணுவான், சட்டையைக் கிழித்துக்கொள்வான். இவன் ஒன்றும் செய்யவில்லை. "நீங்களாப் பார்த்து என்ன செய்யணுமோ செய்யுங்க அண்ணாச்சி. ஆனா வேலைநிறுத்தத்தை விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எத்தனை நெஞ்சழுத்தம்! நெற்றியை எங்கேயாவது போய் மோதினானா? நான் மோதினேனே!

மறுநாள், மில் ஓடியிருந்தால் ஷிப்ட் மாறியிருக்கும் நேரம் பார்த்து வாசலில் மூன்று தடவை வாசித்தேன். "துரோகி பூவலிங்கம். துரோகி பூவலிங்கம். துரோகி பூவலிங்கம்." கூட்டம் கைதட்டவில்லை. அதிர்ச்சி. துரோகத்தைக் கண்ட அதிர்ச்சி. அந்த வாரமே ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள், வேலைநிறுத்தம் உடைந்தது. பார்த்தாயா? துரோகியை நீக்கிய பிறகும் உடைந்தது என்றால் அவன் எவ்வளவு ஆழமாக வேலை செய்திருக்க வேண்டும்!

அதற்குப் பிறகு டீக்கடையில் அவனுக்குத் தனி கிளாஸ் வைத்தார்கள். நான் வைக்கச் சொல்லவில்லை. தொழிலாளி வர்க்கம் தானாக வைத்தது. உன் அம்மா தண்ணிக்குழாய்க்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அதுவும் நான் சொல்லிச் செய்ததல்ல. இவ்வளவுக்கும் பிறகு, நாம் எந்த வாயில் கூட்டம் போட்டாலும் உன் அப்பன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பான். கடைசிப் பேச்சு முடிகிற வரைக்கும் நிற்பான். எதற்கு நிற்கிறான்? கேட்டுப் போய்ச் சொல்லத்தானே? வேறு எதற்கு ஒரு மனுஷன் வெயிலில் நிற்பான்?

பிறகு நெருக்கடி நிலை வந்தது. எங்களையெல்லாம் வாரிக்கொண்டு போய் உள்ளே தள்ளினார்கள். லாரியில் ஏறிப் பார்த்தால் பூவலிங்கமும் உட்கார்ந்திருக்கிறான்! மீராசா, நான் உன் காதில் என்ன சொன்னேன்? "நம்மளை வேவு பார்க்க இவனையும் கூடவே அனுப்புறான்" என்றேன். ஜெயிலில் ஒருவரும் அவனோடு பேசவில்லை. ஒருநாள் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முழங்கால் சிப்பி உடைந்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். எத்தனை தத்ரூபம்! நம்மை நம்பவைக்க முழங்காலையே கொடுத்திருக்கிறான். இந்த மீராசா உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். அதனால் மீராசாவையும் கொஞ்ச நாள் நான் கவனித்து வந்தேன். தெரியுமா உனக்கு, மீராசா? தெரியுமா! பிறகு ஏன் இத்தனை வருஷம் என்னோடு டீ குடித்தாய்?

கேப்டன் மேலே மேலே போனான். எஸ்.பி., டி.ஐ.ஜி., கடைசியில் மாநிலத்து ரகசியப் போலீசுக்கே தலைவன். முதலமைச்சர்கள் மாறினார்கள், அவன் மாறவில்லை. பேப்பரில் போட்டோ வரும்: மந்திரிகள் சிரிப்பார்கள், இவன் ஓரடி பின்னால் சிரிக்காமல் நிற்பான். ஒவ்வொன்றையும் வெட்டி வைத்தேன். வடக்கே ஒரு ஊரில் ஒரு சங்கம் இரண்டாகப் பிளந்தது. வாத்தியார்கள் சங்கம் ஒன்று தலைவரையே விரட்டியது. மீனவர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். துப்பாக்கி வெடித்ததா? இல்லை. வாசித்ததும் எனக்குத் தெரியும், இது நம்மாள் கைவேலை. எங்கே கற்றான்? நம் மில் வாசலில்! நம் ரத்தத்தில்தான் அவன் உத்தியோகம் வளர்ந்தது. அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவன் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது ஒரே பேர்தான், வடிவு, என்று எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் வந்து உட்கார்ந்தான். போன வருஷம், பேரைத் திரும்ப வாசி என்கிற தளவாய் தொந்தரவு தாங்காமல், நேருக்கு நேர் கேட்டுவிடுவோம் என்று அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். வேட்டி கட்டிக்கொண்டு குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு கிழட்டு நாய். "நான் வடிவு" என்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "பத்மஜோதி மில்" என்றேன். ரொம்ப நேரம் யோசித்தான்.

"ஓ... லாரியில போய் முட்டிக்கிட்டவர்தானே?"

நடிப்பு. மறந்த மாதிரி நடிப்பு. அவனாவது என்னை மறப்பதாவது!

"எங்க சங்கத்துல உங்களுக்கு ஆள் யாரு?" என்று கேட்டேன்.

"ஆளா? ஒருத்தரும் இல்லியே."

"பூவலிங்கம்?"

அந்தப் பேரைக் கேட்டதும் வாளியைக் கீழே வைத்தான். அவனுக்கு உடனே ஞாபகம் வந்தது. என் பேருக்கு அத்தனை யோசனை, அந்தப் பேருக்கு ஒரு நொடி!

"பூவலிங்கம் என்கிட்ட ரெண்டு வார்த்தைதான் பேசியிருக்காரு. 'விட்டுட்டுது சார்.'"

"அப்போ காய்ச்சல் எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரி எங்க பையனத் தூக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனா. வரிசையில முன்னால ஒருத்தர் பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னாராம். மில்லு மூடிக் கிடக்கு, என்ன செய்யன்னு சொல்லிட்டிருந்தாராம். சீட்டுக்குப் பூவலிங்கம்னு பேர் கொடுத்தாராம். வந்து சொன்னா. அவ்வளவுதான்."

அப்புறம் அவனாகவே ஆரம்பித்தான், கேட்காமலே. "மலையில ஒரு கிராமம். அடிச்சும் பார்த்தோம், ஆசை காட்டியும் பார்த்தோம், ஒரு வாய் திறக்கல. எங்க மேஜர் சொன்னாரு, துப்பாக்கிய இங்க வச்சிட்டுப் போ. ஊர் யார் பேச்சக் கேக்குதோ அவர் வீட்டு வாசல்ல நின்னு ஒரு குவளை தண்ணி வாங்கிக் குடி. நல்லா இருக்குன்னு சத்தமாச் சொல்லிட்டு வந்துரு. போனேன், குடிச்சேன், வந்தேன். மிச்சத்த ஊரே பார்த்துக்கிட்டுது."

"அந்த ஆள் என்ன ஆனாரு சார்?" என்று இந்தத் தளவாய் கேட்டான்.

அவன் திரும்பி நாயைக் கூப்பிட்டான்.

எனக்கு ஒரே கேள்விதான் பாக்கி. "சங்கத்துக்குத் தலைவன் நான். என் தோள்ல ஏன்யா கை வைக்கல?"

"வச்சுப் பார்த்தேனே, முதல் தடவையிலயே. நீங்க ஓடிப்போய் லாரியில முட்டினீங்க. அப்பதான் தெரிஞ்சுது, இந்தச் சங்கத்துல மண்டைய உடைக்க நான் லத்தியோட வரவேண்டியதே இல்லன்னு."

நம்பினாயா, தளவாய்? நான் நம்பவில்லை. வாழ்நாள் முழுக்கப் பொய்யை உத்தியோகமாகப் பார்த்தவன் ஓய்வு பெற்ற மறுநாள் அரிச்சந்திரன் ஆகிவிடுவானா? கேட் வரைக்கும் கூடவே வந்தான். தளவாய் அவனிடம் நம் விதியைப் பற்றிச் சொன்னான், பேரைத் திரும்ப வாசிப்பதைப் பற்றி. அதைக் கேட்டு அவன் என்னைப் பார்த்தான், தாயி. இரக்கப்படுகிற மாதிரி ஒரு பார்வை. "வாசிக்க மாட்டீங்க மிஸ்டர் வடிவு. நீங்க வாசிக்கிற ஆள் இல்ல" என்றான்.

அன்றிலிருந்து எனக்கு அதே யோசனைதான். வாசிக்க மாட்டேன் என்கிறான். அப்படிச் சொன்னால் எனக்கு ரோஷம் வந்து வாசிப்பேன் என்று கணக்குப் போட்டானா? வாசித்தால், தன் ஆளைத் தியாகியாக்கிய வெற்றி அவனுக்கு. வாசிக்காவிட்டால், சொன்னபடி நடந்த வெற்றி அவனுக்கு. எந்தப் பக்கம் போனாலும் முன்னாலேயே போய் நிற்கிறான். போன மாதம் செத்தும் போய்விட்டான். பேண்டு வாத்தியம், வானத்தைப் பார்த்துத் துப்பாக்கிச் சூடு, எல்லாம் டி.வி.யில் பார்த்தேன். பெட்டியை மூடுகிற வரைக்கும் நான் நம்பவில்லை.

எழுந்துவிட்டாயா? உட்கார். உட்கார் தாயி, நான் இன்னும் முடிக்கவில்லை.

என்ன சொன்னாய்? சத்தமாகச் சொல், மீராசாவுக்கும் காது மந்தம்.

"தப்புன்னு நீங்க சொல்ல வேண்டாம் பெரியப்பா. பேர மட்டும் சொன்னாப் போதும்."

தப்பு என்று சொல்லப்போவதும் இல்லை. தளவாய், அதைத் தெளிவாக வைத்துக்கொள். அன்றைக்கு என் கையில் இருந்த ஆதாரத்துக்கு அந்தத் தீர்ப்பு சரிதான். கேப்டன் சொன்னதை நம்பியும் இதைச் செய்யவில்லை. நான் எவனையும் நம்பவில்லை. உன்னையும்தான், தாயி, கோபித்துக்கொள்ளாதே. இந்த நிமிஷம்கூட உன்னை யார் அனுப்பியது என்று என் மனசில் ஒரு மூலை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பெரியப்பா என்றாயே, அப்படி உன்னைச் சொல்லச் சொன்னது யார்? உன் அப்பனா? அவன் வீட்டில் என்னை அப்படியா சொன்னான்? கடைசி வரைக்குமா?

சரி. சரி.

கேப்டன் செத்துவிட்டான், இனி அவனுக்கு எவனும் போய் ரிப்போர்ட் சொல்ல முடியாது. அத்தனை பேர் விஷயத்தில் அவன் சொன்னது பலித்தது. மலையில் பலித்தது, மில்லில் பலித்தது, தலைமைச் செயலகத்தில் பலித்தது. வடிவு விஷயத்தில் மட்டும் பலிக்கவில்லை என்று இருக்கட்டும். அதற்குத்தான். வேறு எதற்குமில்லை.

நாளைய தீர்மானத்தைக் கொடு, தளவாய். கடைசி வரியைக் காலியாக விட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறாய், இல்லையா? அத்தனை தைரியம். இனிஷியலை எழுது. 'மா'. அவன் அப்பா மாடசாமி. எனக்கு மறக்கவில்லை, ஒன்றும் மறக்கவில்லை. மீராசா, கையைக் கொடு. உட்கார்ந்துகொண்டு வாசிக்கக் கூடாது, நின்றுதான் வாசிக்க வேண்டும். தளவாய், ஜன்னலைத் திற. நன்றாகத் திற. தெருவில் யார் நின்று கேட்டாலும் கேட்டுக்கொள்ளட்டும். தாயி, நீ இப்படி முன்னால் வா. சாட்சிகள் இரண்டு பேரும் காது கொடுங்கள்.

பத்மஜோதி மில் தொழிலாளர் சங்கம். ரிங் பிரேம் பகுதி, இரண்டாம் ஷிப்ட்.

தோழர் மா. பூவலிங்கம்.